போர் மந்திரியின் மனைவியும் நாலாவது மாடியும்

குவைத்தின் மங்காஃபில் நாங்கள் இருந்த கட்டடத்தின் நாலாவது மாடிக்குப் புதிதாக ஒரு தம்பதி குடிவந்த சமயத்தில்தான், பள்ளியில் எனக்கு அமெரிக்க வரலாற்றுப் பாடத்தைக் கொடுத்தார்கள். அதுவரை நடத்தியவர் திடீரென்று வேலையை விட்டுப் போய்விட்டார். திருச்சியில் நான் படித்தது சோழர்களையும் சுதந்திரப் போராட்டத்தையும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைவிட ஒரு பாடம் முன்னால் இருக்க வேண்டுமே என்று, பள்ளி பஸ்ஸில்கூடப் புத்தகமும் கையுமாக இருந்தேன்.

அந்நாட்டின் ஏழாவது ஜனாதிபதியிடம் வந்து மாட்டிக்கொண்டேன். ஏழை வீட்டில் பிறந்து, படைத்தளபதியாகி, சாதாரண ஜனங்களின் ஆள் என்று பேர் வாங்கி ஜெயித்தவர். பதவியேற்ற நாளில் கூட்டம் மாளிகைக்குள் புகுந்து, சேற்றுக் காலோடு நாற்காலிகளில் ஏறி நின்று, பீங்கான் சாமான்களை உடைத்த கதையைச் சொன்னேன். வகுப்பு முழுக்கச் சிரிப்பு. பழைய அதிகாரிகளை விலக்கித் தன் ஆட்களை உட்கார வைத்தது, தேசிய வங்கியோடு மல்லுக்கு நின்றது, இதெல்லாம் பரீட்சைக்கு. என்னைப் பிடித்துக்கொண்டது வேறொரு சங்கதி.

அவருடைய போர் மந்திரி ஒரு விதவையை மணந்திருந்தார். அவள் சத்திரக்காரர் மகள். முதல் கணவர் கடலில் இறந்து வருஷம் திரும்புவதற்குள் மறுமணம். துணை ஜனாதிபதியின் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். மந்திரிகளின் மனைவிகளும் அவள் வீட்டுப் படியேறவில்லை, தங்கள் வீட்டுக்கு அழைக்கவும் இல்லை. ஜனாதிபதி கொதித்துப்போனார். தேர்தல் நேரத்தில் அவருடைய மனைவியையும் இப்படித்தான் நாறடித்திருந்தார்கள், முதல் கணவனிடமிருந்து முறையாக விலகாமல் இவரைக் கட்டிக்கொண்டவள் என்று. அந்த அம்மா பதவியேற்பைப் பார்க்காமலே செத்துப்போனார். மனுஷர் மந்திரிசபையைக் கூட்டிவைத்து, போர் மந்திரியின் மனைவி குற்றமற்றவள் என்று வாதாடினார். கடைசியில் அந்தச் சண்டையில் மந்திரிசபையே அநேகமாகக் கலைந்தது.

“எனக்கு இவரைப் பிடித்திருக்கிறது” என்று வகுப்பில் வாய்விட்டே சொன்னேன்.

நாலாவது மாடிக்காரிக்கு நாகர்கோவில் பக்கம். கிளினிக்கில் நர்ஸ். முதல் கணவர் பைக் விபத்தில் போன சில மாதங்களிலேயே ஒரு எஞ்சினியரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வந்தவள். இதையெல்லாம் அவள் சொல்லி நாங்கள் அறியவில்லை. குவைத்தில் தமிழ்க் குடும்பங்களுக்குள் செய்தி லிஃப்டைவிட வேகமாக ஏறி இறங்கும். நவராத்திரி நெருங்கியபோது, இரண்டாவது மாடியிலிருந்த ஒரு அம்மாள் எங்களையெல்லாம் டீக்குக் கூப்பிட்டு முடிவைச் சொன்னார்.

“கொலுவுக்கு அவளைக் கூப்பிட வேண்டாம். தாம்பூலம் குடுக்கலாமா கூடாதான்னு நமக்கு எதுக்குக் குழப்பம்?”

எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அந்த அம்மாளின் கணவர்தான் என் கணவருக்கு மேனேஜர்.

வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. அடுப்படிக்கும் பால்கனிக்குமாக நடந்தேன். வெளியே தூசி அடித்து எதிர்க் கட்டடம்கூடத் தெரியவில்லை. கணவர் டியூட்டி முடிந்து வந்ததும் சொன்னேன்.

“நம்ம வீட்டுக் கொலுவுக்கு அவளைக் கூப்பிடப் போறேன்.”

“எல்லாரும் வேணாம்னு இருக்கும்போது நீ மட்டும் எதுக்குடி?”

“எனக்கு உறுத்துது.”

“உனக்கு உறுத்தும். அந்தாளு ஒரு வார்த்தை சொன்னா என்னைப் பாலைவனத்துல எங்கயாவது சைட்டுக்குத் தள்ளிடுவாங்க, தெரியுமா?” ஷூவைக் கழற்றாமலே சோபாவில் உட்கார்ந்துவிட்டார். பிறகு ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டே, “கூப்பிடறதுன்னா கூப்பிடு. என்கிட்ட கேட்டுட்டுச் செஞ்சதா மட்டும் வெளிய சொல்லாத” என்றார்.

குங்குமச் சிமிழோடு நாலாவது மாடி ஏறினேன். அவள் யூனிபாரத்தோடு கதவைத் திறந்தாள். சிமிழைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“பாவம் பாத்து வந்தியளா அக்கா?”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. எதையாவது பேச வேண்டுமே என்று, வாசலில் நின்றபடியே அந்த ஜனாதிபதியின் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். மந்திரிசபை கலைந்த இடம்வரை பொறுமையாகக் கேட்டாள்.

“அந்தாளுக்கு அவருக்க பெண்டாட்டி செத்த ஆத்திரம். அதை இவளை வச்சுத் தீத்துக்கிட்டாரு. எனக்கு வேண்டி யாரும் சண்டை பிடிக்காண்டாம். வந்தா ஒரு காப்பி குடிச்சிட்டுப் போங்க, அது போதும்.”

குடித்தேன். காப்பி நன்றாக இருந்தது. ஆனால் கொலுவுக்கு வருவதாக அவள் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தாள். அரக்குப் பட்டு, தலை நிறையப் பூ. மேனேஜர் வீட்டம்மாள் சுண்டல் கிண்ணத்தைக் கீழே வைத்தார். “அடுப்புல பால் வச்சுட்டு வந்துட்டேன்” என்று எழுந்தார். அவரோடு இன்னும் மூன்று பேருக்கும் பால் ஞாபகம் வந்தது. அவள் நிதானமாகப் பொம்மைகளைப் பார்த்து முடித்து, வெற்றிலை பாக்கை வாங்கிக்கொண்டு, “செட்டியார் பொம்மை சரிஞ்சு நிக்குது அக்கா” என்று அதை நேராக்கி வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் வகுப்பில் அந்த அத்தியாயத்தின் மீதி. தென்கிழக்கில் தலைமுறை தலைமுறையாக இருந்த பழங்குடி மக்களை மிசிசிப்பி நதிக்கு அப்பால் அனுப்பச் சட்டம் கொண்டுவந்தவரும் இதே ஜனாதிபதிதான். புத்தகத்தில் ஒரு வரைபடம். கிழக்கிலிருந்து மேற்கே அம்புக்குறிகள். முன்வரிசையில் ஒரு பாலஸ்தீனப் பெண். அவளும் அவள் அப்பாவும் பிறந்தது குவைத்தில்; இருவருக்கும் குவைத் குடியுரிமை கிடையாது. அவள் அந்த அம்புகளின் மேலேயே விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

“மிஸ், எங்கள் வீட்டுச் சுவரிலும் இப்படி ஒரு படம் இருக்கிறது” என்றாள் ஆங்கிலத்தில். பிறகு, “போன வாரம் உங்களுக்கு இவரைப் பிடிக்கும் என்றீர்கள். இப்போதும் பிடிக்கிறதா?”

“இல்லை” என்று உடனே சொல்லியிருக்கலாம். அந்த விதவைக்காக நின்ற கோபமும் நிஜம்தானே என்று உள்ளே ஒன்று முரண்டு பிடித்தது. இன்னொன்றும் தெரிந்திருந்தது. ஊரே ஒதுக்கியபோது அவள் வீட்டுக்குத் தவறாமல் போய் மரியாதை செய்த மந்திரி ஒருவர் இருந்தார். அவர்தான் அடுத்த ஜனாதிபதி. அந்தப் பழங்குடிகளில் செரோக்கி ஜனங்களைப் பட்டாளம் வைத்து நடத்திக்கொண்டுபோய், வழியெங்கும் சாகவிட்டது அவர் காலத்தில். குங்குமச் சிமிழோடு மாடி ஏறிய என்னை, ரகசியமாக அந்த மந்திரியோடுதான் சேர்த்து வைத்திருந்தேன்.

“யோசிக்கிறேன்” என்றேன். அந்தப் பெண் புத்தகத்தை மூடிவிட்டாள். அந்த வருஷம் முழுக்க அவள் என்னிடம் வேறு கேள்வியே கேட்கவில்லை.

ரம்ஜான் முடிந்ததும் என் கணவரை வடக்கே எல்லைப் பக்கத்து எண்ணெய் வயலுக்கு மாற்றினார்கள். கொலுவுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா இல்லையா, யாரும் சொல்லவில்லை. கேம்ப்பில் ரூம், வியாழக்கிழமை வந்தால் வெள்ளி இரவு போய்விடுவார். மற்ற நாட்களில் பள்ளி விட்டு வந்தால் வீடு கடிக்க வரும். நாலாவது மாடிக்காரியிடம் கார் இருந்தது. எங்கே என்றில்லாமல் கடற்கரைச் சாலையில் போய்த் திரும்புவோம். ஓட்டிக்கொண்டே கிளினிக் கதைகளைச் சொல்வாள். முதல் கணவரைப் பற்றி ஒருமுறைகூடப் பேசியதில்லை.

அடுத்த நவராத்திரிக்கு அவளே கொலு வைத்தாள். மேனேஜர் வீட்டம்மாளையும் நேரில் போய் அழைத்தாள்.

“அவங்களை எதுக்குக் கூப்பிடுற?” எனக்குத் தாங்கவில்லை.

“நான் கூப்பிடுதேன். வாறதும் வராததும் அவிய இஷ்டம்.”

அந்த அம்மாள் வரவில்லை. போன வருஷம் பால் ஞாபகம் வந்தவர்களில் இரண்டு பேர் வந்தார்கள். மூக்குக்கடலைச் சுண்டலை இரண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். கேம்ப்பிலிருந்து என் கணவர் போன் செய்தார்.

“யார் யாரு வந்தாங்க?”

சொன்னேன். சிரித்தார். “சரி, எனக்குச் சுண்டல் எடுத்து வை” என்றார்.