கதவைத் திறக்கச் சொன்னார், திரையை அணைக்கச் சொன்னார்

நாமகிரிப்பேட்டை மஞ்சள் மண்டியில் ஏலம் கூவிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. என் பெரியப்பா மகன் செங்கோட்டண்ணன் போய்விட்டார். நான் வாயைத் திறந்தால் ராசிபுரம் வரைக்கும் கேட்கும். அன்றைக்கு ஏலத்தைப் பாதியிலேயே விட்டு இறங்கிவிட்டேன்.

அவருடைய மகன் மூர்த்தி, ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலையின் கழிவுத் தொட்டியில் விஷவாயு தாக்கி இறந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். அவன் தானாகவே இறங்கினான் என்று ஆலைக்காரர்கள் சாதித்தார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்களோ, "கேமராவுல பதிவாயிருக்குதாமா? பாத்தீங்களா?" என்றே கேட்டார்கள். அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்வார்.

கோட்டாட்சியர் விசாரணைக்கு நான்தான் அவரைப் புல்லட்டில் அழைத்துப் போனேன். லட்சம் பேர் கூட்டம்; சரி, தாலுகா ஆபீஸ் கொள்ளாத கூட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆலைக் கேமராப் பதிவைத் திரையில் போடப் போனபோது ஆலை வக்கீல் எழுந்து, "குடும்பத்து மானம் இருக்குதுங்க. கதவச் சாத்திட்டு, பதிவ நீங்க மட்டும் பாருங்க" என்றார்.

அண்ணன் எழுந்தார். அந்தக் காலத்து ராஜாகூட அப்படி எழுந்திருக்க மாட்டான். "என்ற ஊட்டு மானத்துக்கு நீங்க காவலு நிக்க வேண்டாமுங்க. கயிறில்லாம, முகமூடியில்லாம எறக்குனத எல்லாரும் பாக்கோணும். கதவு தொறந்தே இருக்கட்டும். அவன் உளுந்ததுக்கு அப்பறம் மட்டும் திரைய அணைச்சுப்போடுங்க. அது ஊருக்கு வேடிக்கையில்லீங்க."

அதிகாரி ஒத்துக்கொண்டார். மேஸ்திரி விரல் நீட்டி மிரட்டுவதையும், மூர்த்தி தயங்கித் தயங்கி இறங்குவதையும் ஊரே பார்த்தது. வக்கீல் தலை நிமிரவில்லை. பிறகு திரை அணைந்தது.

மீதியை அதிகாரி தனியாகப் பார்க்கும்போது குடும்பத்தில் ஒருவர் உடனிருக்கலாம் என்றார்கள். அண்ணன் என் கையைப் பிடித்தார்.

"என்னால முடியாது, சாமி. சித்தப்பன் நீ போயி இரு. அவன் தனியா இருக்கக் கூடாது."

இருந்தேன்.

வெளியே வந்ததும் மொய்த்துக்கொண்டார்கள். "நீதான் கண்ணால பாத்தியே, சொல்லு பெரிய மனுசா! நாங்க கேக்காமயே சொல்ற ஆளாச்சே!" நியாயமான பேச்சுதான். முயலைக் கண்டாலே புலி என்று ஊரைக் கூட்டுகிறவன் நான். அன்றைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அண்ணன் பின்னால் உட்கார்ந்திருந்தார். வழியெல்லாம் ஒன்றும் கேட்கவில்லை. சாகும்வரை கேட்கவில்லை.

என்றாவது கேட்டால், உள்ளே பார்த்ததை அவரிடம் மட்டும் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். இனிக் கேட்க வேண்டியவர் இல்லை. என் பிள்ளைகளிடம்கூடச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அண்ணன் என்னிடம் விட்டுப்போனது அது ஒன்றுதான்.