மழைமானிக்கு ஒரு மூடி

‘4.9.1957, புதன். மழை 0.00 அங்குலம். காய்ச்சல் 1 ஆள்.’

அப்பாவின் குறிப்புப் புத்தகத்தில் இப்படி இருக்கிறது. மழைக் கணக்கு பொய். முந்தின நாள் சாயங்காலம் நன்றாகப் பெய்தது. அதைப் பொய்யாக்கியவள் நான். அப்போது எனக்கு எட்டு வயது.

இலங்கை மலையகத்தில் அக்கரப்பத்தனைப் பக்கத்தில் எங்கள் தோட்டம். தேயிலை ஸ்டோரில் வேலை செய்த அப்பா, ஆட்களுக்கு வேலை பிரிக்கும் காலைப் பெரட்டு கலைந்ததும் ஸ்டோர் முற்றத்து மழைமானியைத் திறந்து, உள்ளே போத்தலில் சேர்ந்த தண்ணீரை அளந்து எழுதுவார். அந்த வருடம் உலகத்தையே சுற்றிவந்த புதுக் காய்ச்சல் எங்கள் மலைக்கும் ஏறியபோது, மழைக்குப் பக்கத்தில் காய்ச்சலுக்கும் ஒரு கட்டம் போட்டார். எங்களோடு இருந்த சித்தி, அம்மாவின் தங்கை, பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவள். அவள்தான் விடிந்ததும் தொழிலாளர் குடியிருந்த லயம் லயமாகப் போய் எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள் என்று கேட்டுவந்து சொல்வாள். அந்தத் தொகை ஆபீசுக்குப் போகும்.

சித்திக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை எங்கள் தோட்டத்திலேயே கீழ் லயத்துக்காரர். ஆனால் தொடர்ந்து மூன்று நாள் காய்ச்சல் பூச்சியமானால்தான் கூட்டம் கூடலாம் என்று துரை உத்தரவு போட்டிருந்தார். ஆவணியில் மிச்சமிருந்தது ஒரே முகூர்த்தம், செப்டம்பர் எட்டாம் தேதி ஞாயிறு. அதை விட்டால் புரட்டாசி. புரட்டாசியில் யார் தாலி கட்டுவார்கள்?

பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது பெண்கள் சித்தியைச் சீண்டினார்கள்.

“என்னாடி, ஒம்மாப்புள்ளய மழ அடிச்சிட்டுப் போயிருச்சா?”

“போனா கீழ் லயத்துத் தண்ணிக் கான்லதான கெடப்பாரு? பொறுக்கிக்கிறேன், போங்க!”

என் கவலை வேறு. கல்யாணத்துக்கென்று முஸ்லிம் நானா கடையில் துணியெடுத்துத் தைத்த ரோஸ் நிறச் சாட்டின் பாவாடை ஆனி மாதத்திலிருந்து பெட்டிக்குள் இருந்தது. அது அப்படியே இருக்க, நான் மட்டும் வளர்ந்துகொண்டிருந்தேன்.

அப்பாவின் புத்தகத்தை நான்தான் அடிக்கடி புரட்டுவேன். ஜூலையில் மழை எண்களும் பெரிது, காய்ச்சல் எண்களும் பெரிது. ஆகஸ்டில் இரண்டும் சேர்ந்தே இறங்கின. “மழ கொறஞ்சாத்தான் காச்சலும் கொறையும்” என்று அப்பா வேறு சொல்லியிருந்தார். வானத்து மழையை நான் என்ன செய்ய முடியும்? புத்தகத்து மழையைக் குறைக்கலாம்.

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பால்மா டின் மூடியை மழைமானியின் வாய்மேல் வைத்து ஒரு கல்லையும் ஏற்றிவிடுவேன். காலையில் அப்பா பெரட்டில் நிற்கும் நேரத்தில் ஓடிப்போய் எடுத்துவிடுவேன்.

“கான் பொங்கி ஓடுது, போத்தல் காஞ்சு கெடக்கு. இது என்னா மாயம்!” என்று அப்பா போத்தலைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார். ஆனாலும் போத்தலில் இல்லாததை எழுத அவருக்குக் கை வராது. பூச்சியம் போட்டார்.

காய்ச்சலும் எனக்குக் கட்டுப்பட்டது. ஏழு, நான்கு, இரண்டு, ஒன்று. அந்த ஒன்றில் வந்து நின்றுகொண்டது. இரண்டாம் தேதி ஒன்று, மூன்றாம் தேதி ஒன்று, நான்காம் தேதியும் ஒன்று. மூடிமேல் இன்னொரு கல் வைத்தேன்.

ஐந்தாம் தேதி காலை, சித்தி கொண்டையை அள்ளி முடிந்தபடியே வந்தாள். “இன்னைக்கு ஒருத்தருமில்ல மச்சான்.”

“நல்லாப் பாத்தியா?”

“வாசப்படி வாசப்படியாப் பாத்தேன்.”

ஆறு, ஏழாம் தேதிகளிலும் பூச்சியம். தோட்டத்தையே நான்தான் காப்பாற்றினேன் என்ற நினைப்பில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தாலி கட்டும் நேரத்தில் மழை கொட்டியது. மூடியை நான் அதற்குள் தூக்கி எறிந்திருந்தேன். தப்பு மேளக்காரர்கள் நனைந்துகொண்டே அடித்தார்கள். பந்தல் தகரத்து மழைக்குப் போட்டியாகப் பெண்கள் குலவையிட்டார்கள். என் பாவாடை கணுக்காலுக்கு மேலே நின்றது. யாரும் கவனிக்கவில்லை. கழுத்தில் மப்ளர் சுற்றியிருந்த மாப்பிள்ளைக்குக் கண் இரண்டும் சிவந்து நீர் வழிந்தது.

“இப்பவே அழுவுறாரு பாருங்கடி!” என்று ஒருத்தி கத்த, பந்தலே சிரித்தது. சித்தி குனிந்த தலை நிமிராமல் குலுங்கினாள். மாப்பிள்ளை என்னை அருகே இழுத்துக் கன்னத்தில் கை வைத்தார். தேத்தண்ணிக் கோப்பைபோலச் சுட்டது. தாலி கட்டிய கை அப்படித்தான் சுடும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

11.9.1957, புதன். காய்ச்சல் 2 ஆள். ஒன்று சித்தி, மற்றது நான். மழையில் நனைந்ததால் வந்தது என்று அம்மா சொன்னாள். நானும் நம்பினேன்.

என் கைவரிசை பட்ட மழைக் கணக்குகளுக்குப் பக்கத்தில் இப்போது பென்சிலால் குறி போட்டுவிட்டேன். நான்காம் தேதிவரை படுத்திருந்த அந்த ஒருவரின் பெயர் புத்தகத்தில் இல்லை. சித்தியிடம் மூன்று முறை கேட்டேன். “எத்தன பேரு படுத்தாங்க, எல்லாத்தையுமா ஞாபகம் வச்சிருப்பாங்க?” என்கிறாள். சித்தப்பாவுக்கு அந்த நேரம் பார்த்துத்தான் வெளியே ஏதோ வேலை வருகிறது. அந்த ஆள் யாரென்பது இன்றுவரை உறுதிப்படவில்லை.