ஐந்தாம் மாடியில் அடித்த கைப்பேசி

நானும் மகளும் ஒரே கட்டடத்தில் வேலை செய்கிறோம். ஜார்ஜ் டவுனில் கடைவீடுகளுக்குப் பின்னால் இருக்கும் ஐந்து மாடி அலுவலகம். நான் மூன்றாம் மாடி. அவள் ஐந்தாம் மாடி, படிப்பு முடித்துச் சேர்ந்த புதிது. என் மாடிக்குத் தீ பாதுகாப்புப் பொறுப்பாளர், அதாவது ஃபயர் வார்டன், நான்தான். அபாய மணி அடித்தால் சிவப்புத் தொப்பியைப் போட்டுக்கொண்டு என் ஆட்களை முன்பக்கக் கார் நிறுத்துமிடத்துக்கு அழைத்து வந்து எண்ண வேண்டும். அதன்பின் இடத்தை விட்டு நகரக்கூடாது.

மகள் வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவைத்தேன்: மணி அடித்தால் கைப்பையைத் தேடாதே, கைப்பேசியை எடுக்காதே, இறங்கிவிடு.

"நீங்க வீட்டுலயும் வார்டன்தான்மா," என்றாள்.

ஒரு நாள் காலை மணி அடித்தது. நான்காம் மாடிச் சாமான் அறையில், ஏகப்பட்ட வயர்களைச் சொருகியிருந்த பிளக் ஒன்று சூடாகிக் காகிதப் பெட்டிகளில் பற்றிக்கொண்டது என்று பிற்பாடு தெரிந்தது. என் ஆட்கள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். மறுகோடியில் ஐந்தாம் மாடிக்கான பலகையின் கீழே ஒரே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். அவர்களுடைய வழக்கமான பொறுப்பாளர் அன்று விடுப்பு. இவர் பதிலாள், அந்த மாடிக்குப் புதியவர். வேறு யாரும் வரவில்லை.

மகளைக் கைப்பேசியில் அழைத்தேன். மணி போனது, எடுக்கவில்லை. தீயணைப்புக்காரர்கள், மலாய் கலந்த எங்கள் பேச்சில் பொம்பா, வந்து இறங்கினார்கள். மேலே ஆட்கள் இருக்கலாம் என்று அந்தப் பெண் சொன்னதும் இருவர் முகமூடியுடன் உள்ளே போனார்கள். நான் திரும்பத் திரும்ப அழைத்தேன்.

"அக்கா, உள்ள போக முடியாதுலா." காவலாளித் தம்பி கையை நீட்டி மறித்தபோதுதான் வாசல்வரை நடந்து வந்துவிட்டேன் என்பதே உறைத்தது.

அப்போது பின்சந்திலிருந்து மகள் வந்தாள். கையில், பிளாஸ்டிக் பையில் கட்டிய தேநீர், எங்கள் தே.

"வெயில்ல நிப்பீங்களேன்னு கடை அண்ணேகிட்ட கட்டி வாங்கினேன்மா."

ஐந்தாம் மாடிக்காரர்கள் பின்படி வழியாக இறங்கி, சந்திலிருந்த நாசி கண்டார் சோற்றுக்கடையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு தீப் பயிற்சியின்போதும் அப்படித்தானாம். பொறுப்பாளரே அங்கே வந்து எண்ணிக்கொள்வாராம். பதிலாளுக்கு அது தெரியாது.

"சைரன் கேக்கலையா?"

"பயிற்சிக்கும்தான் பொம்பா வரும். ட்ரில்லுன்னு நெனச்சோம்லா."

"மேல பாரு."

பார்த்தாள். நான்காம் மாடி ஜன்னலிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

எல்லாரும் வெளியே இருக்கிறார்கள் என்று பொம்பா அதிகாரியிடம் ஓடிச் சொன்னோம். எண்ணிக் காட்டுங்கள் என்றார். கடையிலிருந்து கூட்டிவந்து வரிசையில் நிறுத்தினார்கள். ஒருவர் கையில் இன்னும் குழம்பு ஒட்டியிருந்தது. எண்ணிக்கை சரியான பிறகுதான் அதிகாரி வாக்கிடாக்கியில் அந்த இருவரையும் திரும்ப வரச் சொன்னார்.

ஒருவர் வந்தார். மற்றவர் வரச் சற்று நேரமானது. முகமூடியைக் கழற்றிவிட்டு நடைபாதையோரம் உட்கார்ந்து இருமினார். மகளைவிட ஓரிரு வயது மூத்தவராக இருக்கலாம். அவர் கையில் அவளுடைய கைப்பேசி இருந்தது.

"இது விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் யாரோ விழுந்து கிடக்கிறார்கள் என்று நினைத்து அந்த மூலை முழுக்கத் தேடினேன்," என்று மலாயில் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை.

மகள் தேயை அவரிடம் நீட்டினாள். தண்ணீர் போதும் என்றார்.

போன மாதம் மறுபடியும் பயிற்சி நடந்தது. ஐந்தாம் மாடி முழுவதும் பலகையின் கீழே வெயிலில் நின்றது. அந்தக் கூட்டத்தில் மகள் மட்டும் என் கண்ணில் படவில்லை. கை தானாகக் கைப்பேசிக்குப் போனது. எடுத்தேன், ஆனால் அழைக்கவில்லை. மறுகோடியில் சிவப்புத் தொப்பிக்காரர் ஒவ்வொரு தலையாக எண்ணிக்கொண்டிருந்தார். அவர் கையைத் தூக்கி 'சரி' என்று காட்டும்வரை அப்படியே நின்றேன்.