சாட்சி சொல்லும் தாடை

அண்ணனின் வலக்கையில் ஒரு வெள்ளி அச்சரக்கூடு இருக்கிறது. உள்ளே மந்திரம் எழுதிய தகடு. ஜப்பான்காரன் குண்டு போட்ட யுத்த காலத்தில், திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை செய்த எங்கள் தெரு ஆண்களுக்கெல்லாம் ஒரு பூசாரி கட்டிவிட்டது. குண்டு விழுந்தாலும் மேலில் படாதாம். இப்போதும் சாப்பிட உட்கார்ந்தால் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். சோற்றை மெல்லும்போது அவருடைய தாடையில் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டால் எனக்கு அத்தானின் ஞாபகம் வரும், கூடவே ஆத்திரமும் வரும்.

அத்தான் அக்காவின் புருஷன். துறைமுகத்தில் இரும்படிக்கிற வேலை; கை உலக்கை மாதிரி. சாமி, பேய், நாள், கோள் எதையும் நம்பாதவர், நம்புகிறவர்களைச் சும்மா விடவும் மாட்டார். அண்ணனுக்கு அச்சரம் கட்டிய அன்று வளவில் நின்ற கிடாயைப் பூசாரிக்குக் காட்டினார்.

"இதுக்கும் ஒண்டு கட்டுங்கோ. நான் கத்தியை எடுக்கிறன், பாப்பம்."

"ஆட்டுக்கு நம்பிக்கை இல்லையே" என்றார் பூசாரி.

"குண்டுக்கு இருக்குதோ?"

அச்சரத்தால் பிழைத்தவர்களின் கதையைப் பூசாரி அடுக்கினார். "பிழைச்சவன் வந்து சொல்லுவான். அச்சரத்தோட செத்தவன் வந்து சொல்லுவானோ?" என்று கேட்டார் அத்தான். பூசாரி எழுந்து போனார்.

அண்ணனுக்கோ தலைகால் தெரியவில்லை. அபாயச் சங்கு ஊதினால் நாங்கள் அத்தான் வெட்டிய பதுங்குகுழிக்குள் ஓடுவோம். அண்ணன் முற்றத்தில் நின்று வானம் பார்ப்பார். "கூடு கையில கிடக்கட்டும், ஆள் குழிக்குள்ள கிடக்கோணும்" என்று அத்தான் கெஞ்சியும் பார்த்தார்.

உண்மையாகவே குண்டு விழுந்த காலையில் நிலம் துள்ளியது. துறைமுகப் பக்கம் கரும்புகை எழுந்தது. பக்கத்து வீட்டுப் பசு வயிறு கிழிந்து வேலியில் கிடந்து கதறியது. அண்ணன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அத்தான் குழியிலிருந்து பாய்ந்தார்.

"விடுங்கோ அத்தான், எனக்கு ஒண்டும் நடவாது!"

அத்தான் அன்று வாதாடவில்லை. முகத்தில் குத்தினார். எலும்பு முறிந்த சத்தம் குழிக்குள் இருந்த எனக்குக் கேட்டது. அண்ணன் பல்லும் இரத்தமுமாகச் சரிந்தார். அத்தான் அவரைத் தலைமயிரில் பிடித்து இழுத்து வந்து எங்கள் மேல் எறிந்தார். தானும் இறங்கக் குனிந்தபோது அடுத்த குண்டு விழுந்தது. முதுகில் பாய்ந்த இரும்புத் துண்டு நெஞ்சால் வெளியே வந்தது. அக்காவின் மடியில்தான் விழுந்தார்.

செத்தவீட்டில் ஊர் தீர்ப்புச் சொன்னது: "கட்டினவன் பிழைச்சான், கட்டாதவன் போனான். இன்னும் என்ன சாட்சி வேணும்?" பிணத்தின் தலைமாட்டில் இருந்த அக்கா அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். தாடைக் கட்டு அவிழ்ந்த பிறகு அண்ணனும் அதையே சொன்னார். இத்தனை வருடமும் அதையேதான் சொல்கிறார்.

போன கிழமை பேத்திக்கும் சொன்னார். சொல்லிவிட்டு அச்சரத்தைக் கண்ணில் ஒற்றி, ஒரு பிடி சோற்றை வாயில் வைத்தார்.

"அது என்ன சத்தம், அப்பப்பா?"

அண்ணன் அடுத்த பிடியை உருட்டினார். செத்தவர் வந்து சொல்லமாட்டார். நான் இருக்கிறேனே!

"அது என்ர அத்தான்ர கை, பிள்ளை" என்றேன்.

அண்ணன் மெல்லுவதை நிறுத்தினார்.