முழங்காலும் முருகைக்கல் மதிலும்

முழங்கால் நோவு குறையத் தொடைத் தசையைப் பலப்படுத்த வேண்டுமாம். ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லித் தரும் பிள்ளை ஒரு வழி காட்டினாள்: சுவரில் முதுகைச் சாய்த்து, கதிரை இல்லாமலே கதிரையில் உட்கார்ந்திருப்பதுபோல் முழங்காலை மடித்து இருக்க வேண்டும்.

வீட்டுக்குள் செய்தால் மனைவி சிரிப்பாள் என்று வெளியே வளவுக்குப் போய், மதிலில் சாய்ந்தேன். நெடுந்தீவில் பிறந்து வளர்ந்தவனுக்கு, எங்கள் முருகைக்கல் மதில்கள் சாந்தில்லாமல் கல்லின்மேல் கல்லாக அடுக்கியவை என்று தெரியாதா? தெரியும். மதிலோடு சேர்ந்து விழுந்த பிறகு நன்றாகவே தெரிந்தது.

சத்தம் கேட்டுப் பக்கத்து வளவு அண்ணை ஓடிவந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

"என்ன தம்பி நடந்தது?"

அவருடைய மாடு சற்றுத் தள்ளிப் பேசாமல் மேய்ந்துகொண்டு நின்றது.

"உங்கட மாடு இடிச்சுப்போட்டுது அண்ணை" என்றேன், கூசாமல்.

மனுசன் வெட்கப்பட்டுப் போனார். குந்திக் கல்லை எடுப்பதும் எழும்பி அடுக்குவதுமாக, ஒருதரம்கூட முழங்காலில் கை ஊன்றாமல், மதில் முழுவதையும் அடுக்கி முடித்தார். நான் உண்மையான கதிரை ஒன்றைப் போட்டு இருந்து, தொடையைத் தடவிக்கொண்டு பார்த்தேன். கடைசிக் கல்லுக்காவது உதவலாம் என்று எழும்பினபோது மறித்துவிட்டார்.

"நீர் இரும் தம்பி. உமக்கு ஏலாது."