வினைக்குள் இருந்த தம்பி

"உந்தப் பாஷையைப் படிச்சு ஆரோட கதைக்கப்போறாய்?" என்று அம்மா கேட்டார். ஆப்பிரிக்காவில், மலாவியில் பேசும் சிச்சேவா மொழியைத்தான் சொன்னார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகத்துக்குள் கால் வைத்ததும் நான்தான். "இருந்து பாருங்கோ" என்று மட்டும் சொன்னேன்.

லண்டனில், அப்டன் பார்க்கில் ஒரு கடைக்கு மேலே எங்களுக்கு இரண்டு அறைகள். அங்கே தம்பியின் பெயரை யாரும் சொல்வதில்லை. யாழ்ப்பாணத்தில் டியூசனுக்கென்று சைக்கிளில் போனவன் திரும்பி வரவில்லை. லண்டனுக்கு வந்தபின் ஊருக்குப் போன் எடுத்தால், யாராவது ஒட்டுக்கேட்பார்கள் என்ற பயத்தில் பெயர்களை விழுங்கிப் பேசப் பழகினோம். "ஏதும் அறிஞ்சனீங்களோ?" என்று அம்மா கேட்பார். யாரைப் பற்றிக் கேட்கிறார் என்று மறுமுனையில் இருப்பவருக்குத் தெரியும். பிறகு போனை வைத்த பின்னும் அந்தப் பழக்கம் வீட்டில் தங்கிவிட்டது. வீதியில் சைக்கிள் மணி கேட்டால் அரிசி கழுவும் அம்மாவின் கை அப்படியே நின்றுவிடும். நான் யன்னல் பக்கம் திரும்பமாட்டேன்.

காணாமற்போனவர்களைத் தேடித் தரும் அலுவலகம் ஒன்று லண்டனில் இருந்தது. பெயரைக் கொடுப்போம் என்று நான் சொன்னபோதெல்லாம் அம்மா மறித்தார். "வேண்டாம் பிள்ளை. பேரைக் குடுத்தா அது பிடிக்கிறவங்களின்ர கையிலயும் போய்ச் சேரும். எங்கையோ ஒளிச்சிருக்கிறவனை நாங்களே காட்டிக் குடுக்கிறதோ?"

பல்கலைக்கழகப் படிப்புக்காக எனக்குச் சிச்சேவா வாக்கியங்கள் சொல்லித் தந்தவர் மலாவியிலிருந்து வந்த ஓர் ஆஸ்பத்திரித் தாதி. நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். பொருள் கேட்டுச் சிரித்து ஏற்றுக்கொண்டார். ஷிப்ட் முடிந்து வந்து, டேப் ரெக்கார்டருக்கு முன்னால் தேநீரோடு உட்காருவார். நான் ஆங்கிலத்தில் சொல்வதை அவர் சிச்சேவாவில் சொல்வார். 'ந்தி-ன-மு-ஓனா': நான் அவனைக் கண்டேன். எல்லாம் ஒரே சொல். 'ந்தி' என்பது நான். 'ன' என்றால் முடிந்துபோனது. 'ஓனா' காண்பது. நடுவில் இருக்கும் 'மு'தான் அவன். தொப்பியைக் கண்டிருந்தால் அந்த இடத்தில் 'சி' வரும், ஆட்டைக் கண்டிருந்தால் 'இ'.

தம்பியைத் தேடினேன், தம்பியைக் கூப்பிட்டேன் என்று கேட்டுக்கொண்டே போனேன்.

"உன்னிடம் ஆடு, மாடு, தொப்பி ஒன்றுமே இல்லையா? எந்நேரமும் தம்பிதானா?" என்று அக்கா கேலி செய்தார்.

தம்பி என்ற சொல்லை விட்டுவிட்டு, 'மு' உள்ள வினையை மட்டும் நானே சொல்லிப் பார்த்தேன். அக்கா கோப்பையைக் கீழே வைத்தார்.

"எடுத்தவுடனே இப்படிச் சொன்னால் எனக்கு எப்படி விளங்கும்? உள்ளே ஒருவனை வைத்திருக்கிறாய். அவன் யாரென்று எனக்கு முதலே தெரிந்திருக்க வேண்டும். யாரம்மா அவன்?"

டேப் சுற்றிக்கொண்டிருந்தது. அவன் பெயரைச் சொன்னேன். வேறு யாரோ அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டது போல் இருந்தது. அக்கா அந்தப் பெயரை மெதுவாகத் திருப்பிச் சொன்னார். பிறகு, "இப்போது சொல்லலாம்" என்றார்.

நேற்று மாலை அந்த டேப்பை வீட்டில் போட்டேன். முன்பின் தெரியாத குரலில் மகனின் பெயர் வந்ததும் அம்மா அடுப்பை அணைத்தார்.

"ஆர் உது? அவவுக்கு இவனை எப்பிடித் தெரியும்?"

"நான் சொன்னனான் அம்மா. நாளைக்கு அந்த அலுவலகத்திலயும் சொல்லப்போறன்."

வேண்டாம் என்று அம்மா சொல்லவில்லை. "திரும்பப் போடு" என்றார். போட்டேன். அந்தப் பெயர் வந்தபோது அம்மாவின் உதடும் அசைந்தது.

இன்று காலை, விரிவுரைக்கு முன், அந்த அலுவலகத்துக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம் அவனுடைய முழுப் பெயரையும் எழுத்தெழுத்தாகச் சொல்லிவிட்டு வந்தேன்.