ஸ்டெல்லா சிஸ்டரின் முன்சக்கரம்

வீடு தேடிப் போகிற மெக்கானிக்குக்கு முதலில் டீ வரும், அப்புறம்தான் வண்டியின் வியாதியைச் சொல்வார்கள். டெல்லி வெயிலில் காருக்கடியில் மல்லாந்து படுத்த ஜென்மங்களே, உங்களுக்குத் தெரியாததா! பட்டாளத்து லாரிகளோடு இருபது வருஷம் மல்லுக்கட்டிய எனக்கே, லக்ஷ்மிபாய் நகர் ஸ்டெல்லா சிஸ்டரின் சின்னக் கார் ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்ணி காட்டிவிட்டது.

கட்டிலில் இருந்தே கண்டுபிடித்தவர்

சிஸ்டர் நர்ஸ். அவர் புருஷன் பால்ராஜ் அண்ணாச்சி சர்க்கார் கார் ஓட்டினவர். பக்கவாதம் வந்து ரெண்டு வருஷமாகக் கட்டிலோடு கிடக்கிறார். ஜன்னல் வழியே வேப்பமரத்து உச்சி தெரியும், கேட் தெரியாது. "முன்பக்க இடது சக்கரம் முனகுது" என்று எனக்குப் போன் பண்ணியதே அவர்தான். படுத்துக்கொண்டே இவருக்கு எப்படித் தெரியும் என்று நினைத்தேன், முழுசாக நம்பவில்லை.

ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். விழப்போகிற பல் மாதிரி ஆடியது. சந்தேகமே இல்லை, பேரிங் போச்சு. உள்ளே போய் "எப்படிண்ணாச்சி?" என்றேன்.

"அவ வண்டி முக்குல திரும்பும்போதே கேட்டுரும் வே. அந்தச் சத்தம் வந்தாத்தான் எனக்கு உசிரே வரும். ஆனா போன வாரம் சத்தம் மாறிட்டு. ரிங் ரோட்டுல சக்கரம் இறுகிட்டுன்னா அவ கதி என்னாகும்?"

நட்டுக்கு ஊசி

வண்டியை நிழலுக்கு நகர்த்தும்போது ஹாரனை அமுக்கினேன். ஒரு இருமல்கூட வரவில்லை. டெல்லியில் ஹாரன் இல்லாத காரா! கேட்டதற்கு, "ஆஸ்பத்திரி வாசல்ல அடிக்கவா போறேன்? முதல்ல சக்கரத்தைப் பாருங்க" என்றார் சிஸ்டர்.

சக்கரத்து நடு நட்டு துருப்பிடித்துக் கல்லாகிக் கிடந்தது. சிஸ்டர் பிரேக்கை மிதிக்க, நான் ஸ்பேனரில் இரும்புப் பைப்பைச் செருகி ஏறியே நின்றேன். என் முதுகுதான் படக்கென்றது. சிஸ்டர் இறங்கிவந்து பார்த்தார், உள்ளே போனார், ஒரு சிரிஞ்சோடு வந்தார். நான் வைத்திருந்த எண்ணெயை அதில் ஏற்றி, நட்டைச் சுற்றி நிதானமாக விட்டார்.

"அரை மணி நேரம் கை வச்சிராதீங்க அண்ணாச்சி. மருந்து வேலை செய்யணும்."

வஞ்சிரத்துக்குப் பக்கத்தில்

நட்டு கழன்றது. ஆனால் பழைய பேரிங்கின் உள்வளையம், சக்கரத்தைத் தாங்கும் ஹப்பைக் கவ்விக்கொண்டு, ஹப்பையும் தின்றிருந்தது. நல்லவேளை, எதற்கும் இருக்கட்டும் என்று ரெண்டையுமே புதிதாக வாங்கிப் போயிருந்தேன். குளிர்ந்தால் கொஞ்சம் சுருங்கும், சுலபமாக இறங்கும் என்று புதுப் பேரிங்கைக் கவரோடு ஃப்ரீஸரில், ஐ.என்.ஏ. மார்க்கெட் வஞ்சிரத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். மீனை எடுக்கப் போன சிஸ்டர் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார்.

"அண்ணாச்சி, இதுக்கும் மசால் தடவிரவா?"

சத்தமில்லாமல் வந்த கார்

எல்லாம் பூட்டியாச்சு. ஓட்டிப் பார்க்க சிஸ்டர் சரோஜினி நகர் வரை போனார். நான் பால்ராஜ் அண்ணாச்சி பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் கண்ணை மூடிக் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தார். பத்து நிமிஷம், கால் மணி. "இன்னும் காணமே வே" என்று அவர் தவிக்கும்போது, சிஸ்டர் சாவியோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார்.

அண்ணாச்சி கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார். அந்த மனுஷனிடம் இருந்த ஒரே ஒரு துணையான அந்தச் சத்தத்தைக் கழற்றிப் போட்டுவிட்டேனே!

"சத்தம் போனாப் போட்டும்ளா. நீ பத்திரமா வந்தியே, அது போதும்" என்றார் அவர்.

சிஸ்டர் அவர் நெற்றியைத் தடவிக்கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பிச் சாவியை நீட்டினார்.

"அண்ணாச்சி, அந்த ஹாரனையும் பாத்துருங்க."

வண்டியின் சத்தத்தை நிறுத்துவதுதான் என் பிழைப்பு என்றாலும், அன்றைக்கு அந்த வீட்டில் மட்டும் ஒரு சத்தத்தை உண்டாக்கிக் கொடுத்துவிட்டுத்தான் கையைக் கழுவினேன்.